ஆறு அறைகள் நான்கானது: சமுதாயக் கல்லூரி கணித ஆசிரியர்களின் வட்டார மாநாடு குறித்த நிகழ்வு ஆய்வு

பின்னணி

அமெரிக்காவின் மத்திய மேற்கு மாநிலம் ஒன்றில், இரண்டாண்டுப் படிப்பு தரும் சமுதாயக் கல்லூரிகளின் கணித ஆசிரியர்கள் ஆண்டுதோறும் மார்ச் மாதத்தில் ஒரு வெள்ளி, சனியில் கூடுவார்கள். நடத்துவது மாநில அளவிலான ஒரு சிறு சங்கம். 1974இல் தொடங்கப்பட்ட அமெரிக்க இரண்டாண்டுக் கல்லூரிகளின் கணிதச் சங்கத்தின், அதாவது அமாட்டிக்கின், துணைச் சங்கங்களில் அதுவும் ஒன்று. சம்பளம் வாங்கும் ஊழியர் யாரும் கிடையாது. வகுப்பு எடுத்த நேரம் போக மிச்ச நேரத்தில் வேலை பார்க்கும் ஏழு பேர் கொண்ட குழுதான் எல்லாவற்றையும் செய்கிறது.

இந்தக் கல்லூரிகளில் கணிதம் கற்பிக்கும் முறை கடந்த பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் தலைகீழாக மாறிவிட்டது. முன்பு தகுதித் தேர்வில் குறைந்த மதிப்பெண் எடுத்த மாணவர் ஒன்று, இரண்டு, சில இடங்களில் மூன்று பருவங்கள் அடித்தளக் கணிதம் படித்த பிறகே பட்டத்துக்குக் கணக்கில் வரும் பாடத்துக்குள் நுழைய முடியும். வழியில் உதிர்ந்தவர்கள் ஏராளம். புளோரிடா 2013இல் இயற்றிய சட்டம், பள்ளியிலிருந்து புதிதாக வருபவர்களில் பெரும்பாலோருக்கு அந்த வகுப்புகளைக் கட்டாயமில்லை என்றாக்கியது. டென்னசி 2015இல் மாநிலம் முழுவதும் கோரெக்விசிட் முறைக்கு மாறியது. டெக்சாஸும் கலிபோர்னியாவும் 2017இல் தத்தம் சட்டங்களை இயற்றின. கோரெக்விசிட் முறையில் மாணவர் நேராகக் கல்லூரி நிலைப் பாடத்தில் சேர்கிறார். அதே பருவத்தில் அதனுடன் ஒட்டிய துணை வகுப்பு ஒன்றும் வாரத்துக்கு ஒன்றிரண்டு மணி நேரம் நடக்கும். நியூயார்க் நகரப் பல்கலைக்கழகத்தில் மாணவர்களைக் குலுக்கல் முறையில் பிரித்து நடத்தி 2016இல் வெளியிட்ட ஆய்வில், தொடக்க இயற்கணிதம் எடுத்தவர்களில் 39 சதவீதமும், துணைப் பயிற்சியுடன் நேரடியாகப் புள்ளியியல் எடுத்தவர்களில் 56 சதவீதமும் தேர்ச்சி பெற்றனர்.

நாம் பார்க்கும் மாநிலத்திலும் இந்த மாற்றம் வந்தது. பெரும்பாலான கல்லூரிகள் முதன்மைப் பாடத்தை முழுநேர ஆசிரியருக்கும் துணை வகுப்பைப் பகுதிநேர ஆசிரியருக்கும் ஒதுக்கின. கால அட்டவணை அப்படித்தான் பொருந்தியது. இந்த ஆய்வில் வருகிற சிக்கல்களில் பாதி இந்த ஏற்பாட்டிலிருந்து முளைத்தவை.

முதல் ஆண்டில் கண்டது

மாநாடு நெடுஞ்சாலையோர ஹோட்டல் ஒன்றில் நடந்தது. ஆறு அறைகள், ஏழு நேரப் பிரிவுகள், ஒவ்வொன்றும் 50 நிமிடம். ஆக மொத்தம் 42 அமர்வுகள். வந்தவர்கள் 138 பேர். 119 பேர் முழுநேர ஆசிரியர்கள், 19 பேர் பகுதிநேர ஆசிரியர்கள். அமெரிக்கச் சமுதாயக் கல்லூரிகளில் கற்பிப்பவர்களில் பாதிக்கும் மேல் பகுதிநேரத்தவர் என்பதை வைத்துப் பார்த்தால் 19 என்பது மிகக் குறைவு.

வழக்கமான மதிப்பீட்டுப் படிவத்தில் எல்லா அமர்வுகளும் ஐந்துக்கு நாலரைக்கு மேல் வாங்கின. சக ஆசிரியர் முகத்தைப் பார்த்துக்கொண்டே போடும் மதிப்பெண் வேறு எப்படி இருக்கும்? அந்த ஆண்டு குழு இன்னொன்றையும் செய்தது. ஒவ்வோர் அறைக்கும் ஒரு தன்னார்வலரை நிறுத்தி, தொடங்கிப் பத்து நிமிடம் ஆனதும் ஒரு முறை, முடியப் பத்து நிமிடம் இருக்கையில் ஒரு முறை என இரு தடவை தலைகளை எண்ணச் சொன்னது. செலவே இல்லாத வேலை. படிவங்கள் சொல்லாததை இது சொன்னது.

வெள்ளி மதியம் ஒரு மணிப் பிரிவில் 112 பேர் ஆறு அறைகளில் பிரிந்திருந்தது இப்படி: 58, 21, 14, 9, 6, 4. அந்த 58 பேர் இருந்தது கோரெக்விசிட் பற்றிய அமர்வில். அறையில் நாற்காலிகள் 36. மீதிப் பேர் சுவரோரம் நின்றார்கள், தரையில் உட்கார்ந்தார்கள். நான்கு பேர் இருந்த அறையிலோ 60 நாற்காலிகள் போடப்பட்டிருந்தன. 14 பேர் இருந்த அறையில் ஒரு பதிப்பகம் தன் மென்பொருளை விளக்கிக்கொண்டிருந்தது. அங்கே மட்டும் இரண்டாவது எண்ணிக்கை 19 ஆக ஏறியிருந்தது. கடைசி ஐந்து நிமிடத்தில் பரிசுக் கூப்பன் குலுக்கல் இருந்ததே காரணம். ஒற்றை எண்ணிக்கையை மட்டும் நம்பக்கூடாது என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைக்காது.

நிகழ்ச்சி நிரல் உருவான விதத்தைக் குழு பின்னோக்கிப் பார்த்தது. 42 இடங்களுக்கு வந்த விண்ணப்பங்கள் 34. அத்தனையும் ஏற்கப்பட்டன. மீதி எட்டைப் பதிப்பகங்களும் மென்பொருள் நிறுவனங்களும் நிரப்பின. அதாவது தேர்வு என்ற ஒன்றே நடக்கவில்லை. அனுப்பியவர்கள் எதை அனுப்பினார்களோ அதுவே நிரல். 34 விண்ணப்பங்களில் கோரெக்விசிட் பற்றியவை மூன்றே மூன்று. எல்லோரையும் அந்தப் பருவத்தில் தூங்கவிடாமல் செய்த விஷயத்துக்கு ஏன் மூன்று விண்ணப்பம்? விசாரித்தபோது கிடைத்த பதில்கள் ஏறத்தாழ ஒரே மாதிரி இருந்தன: “இன்னும் சரியா வரல, அதுல போய் என்னத்தைச் சொல்றது?” ஆசிரியர்கள் மேடைக்குக் கொண்டுவருவது முடித்து மெருகேற்றிய வேலையை. மற்றவர்களுக்குத் தேவைப்படுவதோ முடியாமல் இழுத்துக்கொண்டிருக்கும் வேலை. விண்ணப்பம் கேட்டுக் காத்திருக்கும் முறையில் இந்த இரண்டும் சந்திக்கவே சந்திக்காது.

வேறொரு குறையும் பதிவானது. திரையில் உள்ளதைக் குரலாக வாசிக்கும் மென்பொருளான திரைவாசிப்பானைப் பயன்படுத்தும் ஆசிரியர் ஒருவர் வந்திருந்தார். அவருக்குக் கிடைத்த பதினொரு கையேடுகளில் ஒன்பதில் சமன்பாடுகள் படமாக ஒட்டப்பட்டிருந்தன, அல்லது லேட்டெக் என்ற கணித அச்சுக்கோப்பு மென்பொருளில் செய்து பிடிஎஃப் ஆக்கப்பட்டிருந்தன. லேட்டெக் பிடிஎஃப் கண்ணுக்கு அழகு. ஆனால் வழக்கமான முறையில் உருவாக்கினால் அதில் அமைப்புக் குறிச்சொற்கள் இருப்பதில்லை. திரைவாசிப்பான் பின்னத்தின் தொகுதியையும் பகுதியையும் ஒன்றாகச் சேர்த்து உளறும்.

பணக் கணக்கு

வரவு 17,230 டாலர்: முழுநேரத்தவர் 119 பேரிடம் தலைக்கு 110, பகுதிநேரத்தவர் 19 பேரிடம் தலைக்கு 60, ஆறு விளம்பர மேசைகளுக்குத் தலா 500. செலவு 19,456. பற்றாக்குறை 2,226 டாலர்.

பள்ளம் எங்கே விழுந்தது என்பது ஒப்பந்தத்தைப் படித்தால் தெரியும். ஹோட்டலில் வெள்ளி இரவுக்கு 50 அறைகள் பிடித்துவைக்கப்பட்டிருந்தன. அதில் 80 சதவீதம், அதாவது 40 அறைகள், நிரம்பியே ஆகவேண்டும் என்பது நிபந்தனை. நிரம்பியது 31. குறைந்த ஒன்பது அறைகளுக்குத் தலா 134 வீதம் 1,206 டாலரைச் சங்கம் கட்டியது. உணவுக்குக் குறைந்தபட்சச் செலவு 7,000 என்று ஒப்பந்தம் சொன்னது. மொத்த உணவுச் செலவே அவ்வளவுதான் என்று திட்டத்தில் எழுதப்பட்டிருந்தது. ஆனால் 24 சதவீதச் சேவைக் கட்டணம் அந்தக் குறைந்தபட்சத்தில் சேராது. அது தனியாக 1,680. புரொஜெக்டரும் திரையும் அறைக்கு நாளொன்றுக்கு 310 வீதம், ஆறு அறை இரண்டு நாளுக்கு 3,720. ஒவ்வொரு கல்லூரி வகுப்பறையிலும் சும்மா தொங்கிக்கொண்டிருக்கும் ஒரு கருவிக்கு இந்த வாடகை.

எடுத்த முடிவுகள், அவற்றின் காரணங்கள்

அடுத்த ஆண்டு மாநாட்டுக்கான முதல் முடிவு, அறைகளை ஆறிலிருந்து நான்காகவும் நேரப் பிரிவுகளை ஏழிலிருந்து ஐந்தாகவும் குறைப்பது. ஒவ்வோர் அமர்வையும் 50 நிமிடத்திலிருந்து 75 ஆக நீட்டுவது. ஐம்பது நிமிடத்தில் அறிமுகம் ஐந்து, ஸ்லைடுகள் முப்பத்தைந்து போக, கேள்விக்கு மிஞ்சுவது பத்து. கையால் ஏதாவது செய்துபார்க்க அதில் இடமில்லை. மொத்த அமர்வுகள் 42இலிருந்து 20க்கு வந்தன.

அந்த இருபதில் ஏழு அமர்வுகளைக் குழுவே கேட்டு வாங்கியது. விண்ணப்பத்துக்குக் காத்திருக்காமல், துறைத் தலைவர்களிடம் “உங்கள் கல்லூரியில் துணை வகுப்பில் எந்த வாரம் சிக்குகிறது?” என்று கேட்டு, அதிலிருந்து ஏழு தலைப்புகளைப் பிரித்து, ஒவ்வொன்றையும் நடத்த இருவரை அழைத்தது. இருவரில் ஒருவர் துணை வகுப்பு எடுக்கும் பகுதிநேர ஆசிரியராக இருக்க வேண்டும். அமர்வுக்கு 150 டாலர் சன்மானம். நிபந்தனை ஒன்றே: முடிவுகளைக் கொண்டுவர வேண்டாம், மாணவர் எழுதிய விடைத்தாள்களைக் கொண்டுவாருங்கள். இதற்கான பணம் வெளிமாநிலச் சிறப்புப் பேச்சாளரைக் கைவிட்டதால் கிடைத்தது. குழுவில் அதிக நேரம் பிடித்த வாக்குவாதமும் அதுதான். பெரிய பெயர் இல்லாவிட்டால் டீன்கள் பயணப் பணம் தரமாட்டார்கள் என்று இருவர் கடைசி வரை எதிர்த்தார்கள்.

மீதி 13 இடங்களில் இரண்டு விளம்பரதாரர்களுக்கு. பதினொன்றுக்கு 29 விண்ணப்பங்கள் வந்தன. 18 பேரை மறுக்க வேண்டியிருந்தது. இங்கே ஒரு நடைமுறைச் சிக்கல் உண்டு, இதை மறந்த மாநாடுகள் அடிபடுகின்றன. பல கல்லூரிகள் உரையாற்றுபவருக்கு மட்டுமே பயணச் செலவு தரும். விண்ணப்பத்தை மறுத்தால் உரை மட்டும் போகாது, ஆளும் வரமாட்டார். ஆகவே மறுக்கப்பட்ட எல்லோருக்கும் வெள்ளி மாலை சுவரொட்டி அரங்கில் இடம் தரப்பட்டது. நிரலில் பெயரும் தலைப்பும் அச்சாகும். டீனுக்குக் காட்ட ஒரு கடிதமும் கிடைக்கும். பன்னிரண்டு பேர் ஒப்புக்கொண்டார்கள்.

அடுத்தது பகுதிநேர ஆசிரியர்களை வரவைப்பது. அவர்களில் பலர் வெள்ளியன்று உயர்நிலைப் பள்ளியிலோ இன்னொரு கல்லூரியிலோ வகுப்பு எடுக்கிறார்கள். அதனால் சனிக்கிழமையை மட்டும் எடுத்துக்கொண்டாலும் முழுமையாக இருக்கும்படி நிரல் பிரிக்கப்பட்டது: வெள்ளியன்று இரண்டு பிரிவுகள், சனியன்று மூன்று, கேட்டு வாங்கிய ஏழில் ஐந்து சனியில். முதலில் பதிவு செய்யும் பகுதிநேர ஆசிரியர்கள் 30 பேருக்குக் கட்டணம் இல்லை, அத்துடன் 80 டாலர் ஈட்டுத்தொகை. கட்டணத்தை மட்டும் தள்ளுபடி செய்தால் போதாது. பெட்ரோலும் ஒரு சனிக்கிழமையும் அவருடைய சொந்தச் செலவு; மணிக்கணக்கில் சம்பளம் வாங்குபவருக்கு அது வெறும் இழப்பு.

உரைப்பொருள்கள் மூன்று வாரம் முன்பே வந்துசேர வேண்டும் என்று விதி போடப்பட்டது. வேர்டின் சமன்பாட்டுக் கருவியில் செய்த கோப்பாகவோ சமன்பாடுகளை இணையத்தில் காட்டும் மேத்ஜாக்ஸ் நிரலைப் பயன்படுத்தும் பக்கமாகவோ இருக்க வேண்டும். இவ்விரண்டில் உள்ள சமன்பாடுகளை ஜாஸ், என்விடிஏ போன்ற திரைவாசிப்பான்களால் உறுப்பு உறுப்பாக வாசிக்க முடியும். எல்லா அறைகளிலும் மைக் கட்டாயம். “எனக்குக் குரல் போதும், மைக் வேண்டாம்” என்று சொல்லாத கணித ஆசிரியரைப் பார்ப்பது கடினம். காதுக்கருவியில் நேரடியாக ஒலி வாங்குபவருக்கு மைக்கில் பேசாத எதுவும் போய்ச் சேராது என்பது அறிவுறுத்தல் தாளின் முதல் வரியாக எழுதப்பட்டது.

ஹோட்டலிலிருந்து வளாகத்துக்கு

இடம் ஓர் உறுப்புக் கல்லூரிக்கு மாறியது. வாடகை இல்லை, புரொஜெக்டர் இலவசம். ஆனால் இலவச வளாகத்துக்கும் அதற்கே உரிய தலைவலிகள் உண்டு.

வகுப்பறைக் கணினிகள் அந்தக் கல்லூரி ஊழியரின் பயனர் பெயர் கேட்டன. வெளியிலிருந்து வருபவருக்கு நான்கு தற்காலிகக் கணக்குகள் வாங்க மூன்று வாரம் பிடித்தது. விருந்தினர் வைஃபை நாலு மணி நேரத்துக்கு ஒருமுறை துண்டித்து மறுபடி பதிவு கேட்கும். டெஸ்மோஸ் என்ற இணையக் கணிதக் கருவியில் செய்யும் செயல்பாட்டின் நடுவே முப்பது பேரும் ஒன்றாக வெளியே தள்ளப்படும் அபாயம் இருந்ததால், மாநாட்டுக்கென்று தனிக் கடவுச்சொல் கேட்டு வாங்கினார்கள். வாகன நிறுத்தத்தில் வெள்ளியன்று அபராதச் சீட்டு ஒட்டுவார்கள். அனுமதி அட்டையைப் பதிவு உறுதி மின்னஞ்சலுடனேயே அனுப்ப வேண்டியிருந்தது. வளாகத்தில் உணவு வழங்கும் உரிமை ஒரே நிறுவனத்திடம் இருந்ததால் வெளியிலிருந்து வாங்க முடியவில்லை.

முந்தைய வெள்ளியன்று இருவர் நான்கு அறைகளுக்கும் சென்று, கணினியில் நுழைந்து, ஒலியை இயக்கி, மைக்கில் பேசி, தாளைத் திரையில் காட்டும் டாக்குமென்ட் கேமராவின் கீழ் கையெழுத்துத் தாள் ஒன்றை வைத்துக் கடைசி வரிசையிலிருந்து படித்துப்பார்த்தார்கள். ஓர் அறையில் கேமராவின் கேபிள் இல்லை. மாணவர் விடைத்தாளை மையமாகக் கொண்ட மாநாட்டில் அது இல்லையென்றால் ஒன்றுமே இல்லை.

மாநாட்டு நாள்கள்

151 பேர் வந்தார்கள்: முழுநேரத்தவர் 107, பகுதிநேரத்தவர் 44. வெள்ளி மதியம் பெரிய தடங்கல் இல்லாமல் கழிந்தது. சுவரொட்டி அரங்கு எதிர்பார்த்ததைவிட நன்றாக நடந்தது. ஒருவரோடு ஒருவர் நின்று பேசும்போது ஸ்லைடில் வராத கேள்விகள் வந்தன.

சனி காலை ஏழரைக்குக் கட்டடத்தைத் திறந்தபோது அறைகளில் 58 டிகிரி பாரன்ஹீட், அதாவது ஏறத்தாழ 14 டிகிரி செல்சியஸ். வார இறுதியில் கட்டடத்தின் வெப்பமூட்டி தானாகவே தாழ்ந்த நிலைக்குப் போய்விடும். கொடுத்த விண்ணப்பத்தில் அறை எண்களும் நேரமும் இருந்தன. காற்றுச் சுழற்சியைச் சனிக்கிழமைக்கு இயக்க வேண்டும் என்ற வரி இல்லை. அறை ஒதுக்குவது ஓர் அலுவலகம், கட்டட இயந்திரங்களைப் பார்ப்பது இன்னொன்று. முதலாவது இரண்டாவதற்கு எதையும் சொல்வதில்லை. பணியில் இருந்த பாதுகாவலர் வழியாகப் பொறியாளரைப் பிடித்து இயக்கவைக்க எட்டேகால் ஆனது. பத்து மணி வரை எல்லோரும் கோட்டைக் கழற்றவில்லை. காலை இடைவேளைக் காபி ஐந்து கேலன், கோப்பைக் கணக்கில் ஏறத்தாழ எண்பது. குளிரில் அது பன்னிரண்டு நிமிடத்தில் தீர்ந்தது.

அறை ஒதுக்கீடு ஓரளவே பலித்தது. பதிவின்போதே எந்த அமர்வுக்கு வருவீர்கள் என்று கேட்டு, அந்த எண்ணிக்கைப்படி பெரிய அறை, சிறிய அறை பிரிக்கப்பட்டிருந்தது. எண்ணிப் பார்த்தபோது கோரெக்விசிட் அமர்வுகளுக்குக் கணிப்பு பொருந்தியது. மற்றவற்றில் ஏகப்பட்ட விலகல். ஜனவரியில் குறித்த விருப்பம் மார்ச்சில் நினைவில் இருப்பதில்லை. ஆனாலும் யாரும் தரையில் உட்காரவில்லை.

ஓர் அமர்வு, அருகிலிருந்து

புள்ளியியல் துணை வகுப்பைப் பற்றிய சனி காலை அமர்வு இந்த மாநாட்டின் போக்கைத் தெளிவாகக் காட்டியது. 34 பேர், மேசைக்கு நான்கு பேர். ஒவ்வொரு மேசையிலும் பன்னிரண்டு மாணவர் விடைகள். பெயரை மட்டும் நீக்கியிருக்கவில்லை. மாணவர் தகவல் காப்புச் சட்டத்தை முன்னிட்டு, கையெழுத்தை வைத்தும் ஆளை அடையாளம் காணக்கூடாது என்று எல்லா விடைகளையும் வேறு ஒருவர் கையால் திரும்ப எழுதிக் கொண்டுவந்திருந்தார்கள். தவறுகளும் அடித்தல்களும் இருந்தபடியே.

கேள்வி எளிது. சராசரி 65, திட்ட விலக்கம் 3.5. மதிப்பு 72 என்றால் இசட் மதிப்பு, அதாவது அது சராசரியிலிருந்து எத்தனை திட்ட விலக்கம் தள்ளி இருக்கிறது என்பது, என்ன? 72இலிருந்து 65ஐக் கழித்து 3.5ஆல் வகுத்தால் விடை 2. பன்னிரண்டில் ஐந்து தாள்களில் 53.43 என்று இருந்தது. கணிப்பானில் அடைப்புக்குறி இல்லாமல் 72 − 65 ÷ 3.5 என்று தட்டினால் வகுத்தல் முந்திக்கொள்ளும்: 65 ÷ 3.5 = 18.571, அதை 72இலிருந்து கழித்தால் 53.43.

முதலில் பேசிய மேசைகள் ஏறக்குறைய எல்லாமே ஒரே மருந்தைக் கூறின: செயல்களின் வரிசையை மறுபடி நடத்த வேண்டும். நடத்துநர்களில் துணை வகுப்பு எடுக்கும் ஆசிரியர் அங்கேயே நிறுத்தினார். “அதை நான் இரண்டு வாரம் நடத்திப் பார்த்துட்டேன் சார். பயிற்சித் தாள்ல பிழையே இல்ல. திரும்ப இசட் மதிப்பு வந்தா அதே 53.” தாளில் நீளமான பின்னக்கோடு தொகுதியைத் தானே கட்டிப்பிடித்துவிடுகிறது, கணிப்பானின் ஒற்றை வரியில் அந்தக் கட்டு கழன்றுவிடுகிறது. மாணவருக்குச் செயல்வரிசை தெரியாமல் இல்லை. கோடு செய்துகொண்டிருந்த வேலையை இனி அடைப்புக்குறி செய்ய வேண்டும் என்பதுதான் புலப்படவில்லை. அதைவிட முக்கியமாக, 53 என்ற இசட் மதிப்பு இருக்க முடியுமா என்று அவர் கேட்டுக்கொள்ளவில்லை. 72 என்பது 65இலிருந்து ஏழு தள்ளி. ஒரு திட்ட விலக்கம் மூன்றரை. ஆக இரண்டு அடி. 53 அடி தள்ளி இருக்க 72 எங்கோ 250ஐத் தாண்டியிருக்க வேண்டும்.

அமர்வின் பிற்பாதியில் அவர்கள் கைப்பட எழுதியது ஒரு பத்து நிமிடத் துணைப் பாடம். கணிப்பானைத் தொடும் முன் எண்கோட்டில் சராசரியைக் குறி. திட்ட விலக்கத்தை அடியாக வைத்து மதிப்பு எத்தனை அடி தள்ளி என்று கண்ணால் சொல். அதன் பிறகு தட்டு. இரண்டும் ஒத்துவராவிட்டால் தட்டியதைச் சந்தேகி. இதற்குத் தனிப் பயிற்சித் தாளோ அடித்தளப் பாடத்தை மறுபடி ஓட்டுவதோ தேவைப்படவில்லை. ஆனால் முதன்மை வகுப்பில் இசட் மதிப்பு எந்தக் கிழமை வருகிறது என்று துணை ஆசிரியருக்கு முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். அந்த அறையிலிருந்த பகுதிநேர ஆசிரியர்கள் பதினாறு பேரில் பதினொரு பேர், தங்களுக்கு அது தெரிவதில்லை என்றார்கள். பக்கத்திலேயே சில துறைத் தலைவர்கள் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார்கள். முந்தைய ஆண்டு 58 பேர் நெருக்கியடித்த அறையில் இந்தப் பேச்சு நடந்திருக்க முடியாது. துணை வகுப்பு எடுப்பவர் அங்கே ஒருவரோ இருவரோ.

பின்னர் நடந்தது

ஆறு வாரம் கழித்து எல்லோருக்கும் ஒரே ஒரு கேள்வி கொண்ட மின்னஞ்சல் போனது: மாநாட்டில் எடுத்த எதையாவது எந்த வகுப்பில், எந்தப் பாடத்தில் பயன்படுத்தினீர்கள்? 63 பேர் பதில் போட்டார்கள். 38 பேர் குறிப்பாக ஒன்றைச் சொன்னார்கள். அவர்களில் 24 பேர் சொன்னது விடைத்தாள் அமர்வுகளிலிருந்து. பதில் போடாத 88 பேரைப் பற்றி இதை வைத்து எதுவும் சொல்ல முடியாது. ஆர்வமுள்ளவர்தான் பதில் போடுவார். இரண்டு கல்லூரிகள் முதன்மை ஆசிரியரும் துணை ஆசிரியரும் சேர்ந்து நிரப்பும் வாரப் பதிவேடு ஒன்றைத் தொடங்கின. ஒன்றில் அது பருவ முடிவு வரை நீடித்தது. மற்றொன்றில் நான்காம் வாரத்தோடு நின்றது, ஏனென்றால் அதை நிரப்பும் நேரத்துக்குப் பகுதிநேர ஆசிரியருக்குச் சம்பளம் கிடையாது.

கணக்கில் வரவு 14,610, செலவு 12,450; 2,160 டாலர் மிச்சம். ஆனால் வரவிலேயே ஓட்டை இருந்தது. விளம்பர மேசைகள் ஆறிலிருந்து நான்காகக் குறைந்தன. நீண்ட அமர்வுகளால் இடைவேளைகள் குறைந்து, மேசைகளுக்கு முன் ஆள் நின்ற நேரம் பாதியானது. நான்கில் ஒரு நிறுவனம் அடுத்த ஆண்டு வரமாட்டோம் என்று எழுதிவிட்டது. முழுநேர ஆசிரியர்கள் பன்னிரண்டு பேர் குறைந்ததும் சும்மா இல்லை. விண்ணப்பம் மறுக்கப்பட்டு, சுவரொட்டி வேண்டாம் என்றவர்கள் ஆறு பேர். அவர்களில் ஐந்து பேர் வரவில்லை. சிறப்புப் பேச்சாளர் இல்லாததால் டீன் பணம் தரவில்லை என்று சொன்னவர்கள் இருவரே. குழுவின் பயம் அந்த அளவுக்குப் பலிக்கவில்லை.

ஈட்டுத்தொகைக்கு ஒதுக்கிய முப்பது இடங்களும் நிரம்பின, ஆனால் பணம் வாங்கியவர்கள் 26 பேர். டபிள்யூ-9 வரிப் படிவம் வராமல் சங்கம் காசோலை எழுத முடியாது. நால்வர் அதை அனுப்பவே இல்லை. இரண்டு 75 நிமிட அமர்வுகள், கேட்டு வாங்கியவை அல்ல, பழைய 50 நிமிட உரையை இழுத்து நீட்டியவையாக இருந்தன. இரண்டாவது எண்ணிக்கையில் அவற்றில் பாதிப் பேர் இல்லை.

அடுத்த முறை மாற்ற இருப்பவை

அறை விருப்பத்தைப் பதிவின்போது கேட்காமல் மாநாட்டுக்குப் பத்து நாள் முன்பு கேட்க இருக்கிறார்கள். கேட்டு வாங்கும் அமர்வுகள் ஏழே தொடரும். விண்ணப்ப அமர்வுகளில் 75, 50 என இரண்டு நீளங்கள் இருக்கும், 75 கேட்பவர் பங்கேற்பாளர் கையால் என்ன செய்வார்கள் என்பதை நிமிடக் கணக்கோடு எழுதித் தர வேண்டும். இரண்டு இடைவேளைகளை முப்பது நிமிடமாக்கி, காபியை விளம்பர மேசைகளுக்கு நடுவே வைப்பார்கள். காபி எட்டு கேலன். வரிப் படிவத்தைப் பதிவுப் பக்கத்திலேயே இணைத்துவிட்டார்கள்: அது வந்த பிறகே இலவச இடம் உறுதியாகும். வளாக விண்ணப்பத்தில் கட்டடத்தின் பெயர், சனி காலை ஆறு மணியிலிருந்து வெப்பமூட்டி, கதவுப் பூட்டு நேரம், பணியில் இருக்கும் பொறியாளரின் தொலைபேசி எண் ஆகிய நான்கும் தனித்தனி வரிகளாகச் சேர்க்கப்பட்டுள்ளன.

தீராமல் நிற்பது பகுதிநேர ஆசிரியருக்கான பணம். 80 டாலரைச் சங்கம் எத்தனை ஆண்டு தாங்கும் என்பது விளம்பர மேசைகளைப் பொறுத்தது. மேசைகள் குறைந்துகொண்டே போகின்றன. கல்லூரிகளின் பயிற்சி நிதியிலிருந்து பாதியைக் கேட்டு ஒன்பது துறைத் தலைவர்களுக்குக் கடிதம் போயிருக்கிறது. மூவர் சம்மதித்திருக்கிறார்கள், இருவர், ஒப்பந்தத்தில் பகுதிநேரத்தவருக்கு அப்படியொரு செலவினமே இல்லை என்று எழுதியிருக்கிறார்கள். நால்வரிடமிருந்து பதில் வரவில்லை.